வேலிக்கு இந்தப் பக்கம்

எட்டு மணிக்கு நான் கதவைத் திறக்குமுன்
வாசலில் ஒரு பிக்கப் நிற்கிறது,
எஞ்சின் அணையாமல்.
உள்ளே டுவேன் ஸ்கார்டா, பக்கத்தில் நாய்,
பல் பிடுங்க வந்தவனின் முகம்.

பத்தொன்பது வருடமாக எனக்கு இந்த மேஜை.
நெப்ராஸ்காவில் எங்கள் கவுண்டியைத் தெரிந்தவர் குறைவு:
மனிதர் அறுநூற்று நாற்பது,
மாடு எழுபதாயிரம்.
மாடுகளை எனக்கு எண்ணிக்கையாகத் தெரியும்,
மனிதர்களைக் கையெழுத்தாக.
டுவேனுடையது கடைசி எழுத்துக்கு முன்பே களைத்துவிடும்.

வறட்சி வரைபடம் வியாழன்தோறும் வரும்.
மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு,
அதற்கும் மேலே காய்ந்த ரத்தத்தின் நிறம்.
அந்த நிறம் எல்லைக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும்,
கவுண்டி முழுக்க மேய்ச்சல் செத்ததாகக் கணக்கு.
இந்த வருடம் நுழைந்தது தென்மேற்கு மூலையில்,
ஆளும் இல்லாத மாடும் இல்லாத மணல்மேட்டில்.
அங்கே ஒரு காற்றாடி இருக்கிறது.
அதுவும் சுற்றுவதில்லை.

"அரசாங்கம் என் நிலத்தில் கால் வைக்கக் கூடாது"
என்பான் டுவேன், கஃபேயில், காபி ஆறுவதற்குள்.
நாலு பேர் தலையாட்டுவார்கள்.
நாலு பேரின் கோப்பும்
என் இரண்டாவது இழுப்பறையில்.
நான் முட்டையைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

இங்கே அவன் குரல் வேறு.
"பேர் வெளியே தெரியுமா?"
தெரியும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.
"தெரியும்" என்கிறான் அவனும்.
மற்றவர்கள் வாங்கியதை அவன் பார்த்திருக்கிறான்.
எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பெரிய தொகை டென்வரில் ஒரு தபால் பெட்டிக்குப் போகிறது.
உரிமையாளரை நான் கண்டதில்லை,
அக்டோபரில் மான் சுட வருவாராம்.
ஓர் ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு,
அதனால் மகன் விவசாயி, மகள் விவசாயி,
மருமகள் போன மாதம் விவசாயி ஆனாள்.
தாள்கள் ஒழுங்காக இருக்கின்றன.
குறை சொல்ல ஒரு கமா கிடையாது.

ஆர்லீன் வாஸ்பர்க் வந்தது ஜூலையில்.
டுவேனின் கிழக்கு வேலிதான் கவுண்டியின் எல்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் அவள்,
அறுபத்திரண்டு பசு, தனி ஆள்.
அவள் கவுண்டி வரைபடத்தில் ஆரஞ்சு.
புல் இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு,
மிதித்தால் ஒரே சத்தம்.
உங்களுக்கு இந்த அலுவலகம் இல்லை என்றேன்,
உங்கள் அலுவலகத்திலும் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றேன்.
வாதாடவில்லை.
கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டி,
"என் பசு வேலிக்குள் தலையை விட்டு
இந்தப் பக்கத்துப் புல்லைத் தின்றால்?" என்றாள்.
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வேலியே பயிரை மேய்ந்த கதை எல்லா ஊரிலும் உண்டு.
எங்கள் வேலி எதையும் மேயவில்லை.
நேராக நின்றது, முள்கம்பி நாலு வரிசை.
அவ்வளவுதான் அது செய்தது.

டுவேனுக்குப் பணம் செவ்வாயன்று வந்தது.
வெள்ளிக்கிழமை மாட்டுச் சந்தையில்
ஆர்லீனின் பசுக்கள் வட்டத்துக்குள் வந்தபோது
மேல்வரிசையில் ஒரு தொப்பி அசைந்தது.
பதினெட்டை டுவேன் எடுத்தான்.
மீதியை எங்கோ தெற்கே போகும் லாரி எடுத்தது.
சந்தை விலைக்கு மேலே ஒரு டாலர் இல்லை,
கீழேயும் இல்லை.
அவள் அவனுக்குக் கை கொடுத்தாள்.
அவன் தொப்பியைக் கழற்றினான், போடும் இடம் மறந்தவன் போல
சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

திங்களன்று வந்து
எண்ணிக்கையைத் திருத்தச் சொன்னான்.
திருத்தினேன். கூட்டல் சரியாக வந்தது.

சாயங்காலம் எல்லைச் சாலை வழியே வீடு திரும்பினேன்.
பழைய முத்திரையின் மேல் புது முத்திரை ஆறாத பசுக்கள்
வேலியோரம் நின்றிருந்தன.
பழக்கதோஷம், எண்ணினேன்.
பதினெட்டு.
ஒன்றின் தலை அந்தப் பக்கம்.